நாலாவது கண்ணாடியின் கீழ் மூலை

எண்பத்தாறாயிரத்து நானூறு. கண்காட்சிக் கூடத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்த தொகை அது. மாதம் இரண்டாயிரத்து நானூறு வீதம் முப்பத்தாறு மாதம். சம்பளம் என் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். நான் கடன் வாங்கிக் குடித்தவன் இல்லை, சீட்டாடித் தோற்றவனும் இல்லை. ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான்.

என் வேலை பெட்டி பிரிப்பது, படம் மாட்டுவது, சிலை தூக்குவது. கண்காட்சி முடிந்ததும் மாட்டியதைக் கழற்றி, தூக்கியதைத் திரும்பப் பெட்டிக்குள் இறக்குவது. ஒரு கலைஞர் ஏழு கண்ணாடி அனுப்பியிருந்தார். பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொல்வோம். ஒவ்வொரு கண்ணாடியும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், எடை எழுபத்தைந்து கிலோ. நம் முகமும் தெரியும், அந்தப் பக்கம் இருப்பதும் தெரியும். ஏழையும் நிறுத்தினால் ஒரு சந்து மாதிரி வரும். உள்ளே நுழைந்து திரும்பித் திரும்பி நடந்தால் எதிரே வாசல் தெரியும், வெளியே போகிறவர்கள் தெரிவார்கள், ஆனால் போக முடியாது. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அதுதான் கலையாம். எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

நாலாவது கண்ணாடி சந்தின் திருப்பத்தில் நிற்பது. மற்ற ஆறையும் அந்த இடம் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால், அதைக் கடைசியாக வைத்தோம். கண்ணாடியை இறக்குவதற்கு முன் தரையில் மரப்பட்டி போட்டு, அதன்மேல் ரப்பர் விரிக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆறு கண்ணாடிக்கும் அப்படித்தான் செய்தோம். ஏழாவதாக இதைத் தூக்கும்போது, போட்டோ எடுப்பவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் மீதியிருந்த பட்டி, ரப்பர், கம்பளி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். "குப்பையெல்லாம் படத்துல விழும். சட்டுனு வச்சுட்டு வெளிய வாங்கப்பா" என்றார். நான் பின்பக்கமாக நடந்து சந்துக்குள் போய்க்கொண்டிருந்தேன். எதிர்முனையில் ஒல்லி என்கிற தினக்கூலி. என் பக்கத்து மூலைதான் முதலில் தரையைத் தொட்டது. டிக் என்று ஒரு சத்தம். சுண்டுவிரலால் டம்ளரைத் தட்டினால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம். கோடு கீழிருந்து கிளம்பி, என் மார்பைத் தாண்டி, தலைக்கு மேல் போய் நின்றது. இரண்டு தகடு ஒட்டிய கண்ணாடி என்பதால் கொட்டவில்லை.

ஒல்லி அன்று மத்தியானமே காணாமல் போனான். இன்றுவரை கண்ணில் படவில்லை.

கண்ணாடிக்காரர் சாயங்காலம் வந்தார். நாலாவது கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். பிறகு, "இதுதான் இத்தனை நாளா இதுல இல்லாம இருந்தது. இப்படியே விடுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "அவருக்குப் புடிச்சுப்போனது உன் நல்ல நேரம். ஆனா உடைச்சது உடைச்சதுதான். மாத்துக் கண்ணாடிக்கு ஆர்டர் போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, அத யார் தலைல எழுதறது?" என்று ஒரு தாளை நீட்டினார். கண்ணாடிக்காரர் அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். எழுத்துத் தெரியாத நான், அவர் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தேன். நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார். மாற்றுக் கண்ணாடி வந்து, பெட்டிகூடப் பிரிக்காமல், கிடங்கில் சாய்ந்து நிற்கிறது. வாரம் ஒரு முறை அதன்மேல் தூசி துடைப்பதும் என் வேலைதான்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஐம்பதாவது வயதில் எழுத்துக் கற்றேன். என் பெண்டாட்டி எட்டாவது வரை படித்தவள். தாளை அவளே ஒரு மூச்சில் படித்துச் சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றுவிட்டாள். "படிக்காம விரல வச்சல்ல? நீயே படி" என்று சொல்லி, அதையே எனக்குப் பாடப்புத்தகம் ஆக்கினாள். நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த வார்த்தை 'மேற்படியான்'. அது நான்தான் என்று புரிவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து இரண்டாம் பத்திக்கு வந்து சேர்ந்தேன். மேற்படியான் மேற்படி சேதம் குறித்து வெளியார் எவரிடமும் வாய் திறக்கலாகாது, திறந்தாலோ வேலையை விட்டு விலகினாலோ மீதித் தொகை முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும், கூடம் கொடுத்திருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டும்.

அறை என்பது கூடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டரைப் பார்த்த ஜன்னலோடு ஒன்று. அங்கேதான் நானும் அவளும் இருக்கிறோம்.

பதினாலு தவணை போயிருந்தது. இன்னும் இருபத்திரண்டு. அப்போதுதான் சனிக்கிழமை வகுப்பு வந்தது.

பத்திரிகைகளில் ஓவியம், சிற்பம் பற்றி எழுதுகிற அம்மா ஒருவர், காலேஜ் வயதுப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தக் காலத்துக் கலையைப் பார்த்து எழுதப் பழக்குகிற வகுப்பு. ஆறு சனிக்கிழமை. கடைசியில் ஆளுக்கு ஒரு கட்டுரை, எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகக் கூடமே அச்சடிக்கும். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள். நான் டீச்சரம்மா என்றேன். "டீச்சர் எல்லாம் இல்லீங்க, நானும் இன்னும் தப்புத் தப்பாத்தான் எழுதறேன்" என்றார். ஆனாலும் டீச்சரம்மாதான்.

வெளியாட்கள் படைப்புகளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கூடத்து ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்பது சட்டம். உட்காரக் கூடாது, சாயக் கூடாது. டீச்சரம்மா தேர்ந்தெடுத்தது கண்ணாடிச் சந்து. நிற்க வைத்தது என்னை.

அவர் பழக்குகிற விதமே தனி. முதல் அரை மணி நேரம் பேனாவைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். அப்புறம் எழுதலாம். ஆனால் மூன்று வார்த்தைக்குத் தடை: 'ஆழமான', 'மௌனம்', 'உணர்த்துகிறது'. யாராவது எழுதிவிட்டால், எழுந்து நின்று அந்தப் பொருள் என்ன எடை, எதனால் ஆனது, எப்படி நிற்கிறது என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? என்னைப் பார்ப்பார்கள். "மாமா, இது எத்தனை கிலோ?" "மாமா, இது கீழ விழாதா?" இருபத்தெட்டு வருடம் இந்தக் கூடத்தில் தூக்கியிருக்கிறேன். ஒரு ஆள் என்னிடம் எடை கேட்டதில்லை. முதல் வாரம் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம், சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. அதுதான் வம்பு.

பையன் ஒருவன் பேசும்போதும் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே இருப்பான். ஹீரோ என்று கூப்பிடுவார்கள். அவன் முதல் கட்டுரையைச் சத்தமாகப் படித்தான்:

"இந்த விரிசல் நவீன மனிதனின் உள்மனக் காயத்தை ஆழமாக உணர்த்துகிறது."

"யாரோட காயம்? உன்னோடதா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"பொதுவா, அக்கா."

"பொதுவா யாருக்கும் காயம் படாதுடா. கையில பட்டா கை, கால்ல பட்டா கால். ஒரே வரில ரெண்டு தடை வார்த்தை. எந்திரி. எடை?"

ஹீரோ என்னைப் பார்த்தான். நான் விரல்களை விரித்து எழுபது காட்டி, பிறகு ஐந்து காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, விரிசல் எங்க ஆரம்பிக்குது?" என்றார்.

ஐந்து பேர் மேலே என்றார்கள். நெற்றியில் வகிடு மாதிரி மேலிருந்து இறங்குவதாகத்தான் பார்க்கிற எல்லோருக்கும் தோன்றும். ஆறாவது ஒரு பெண். அவளைத் துருவி என்பார்கள், எதையும் துருவித் துருவிக் கேட்பதால். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தாள்.

"ஏய், கூட்டிப் பெருக்கறியா?" என்றான் ஹீரோ.

"கீழ இருந்துக்கா. இங்க மூலைல நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பேந்திருக்கு. அங்கேருந்துதான் ஏறுது." இன்னும் கொஞ்சம் ஊர்ந்தாள். "மத்த கண்ணாடிக்கெல்லாம் அடியில கட்டை இருக்கு. இதுக்கு இல்ல."

தலையை மட்டும் திருப்பி, படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "மாமா, கட்டை எதுக்கு?"

சொல்லக் கூடாது என்று தோன்றவே இல்லை. எடை கேட்டால் சொல்கிறவன், இதையும் சொன்னேன். "பட்டி இல்லாம இறக்கினா மூலை தெறிக்கும்மா. கண்ணாடி நடுவுல எவ்ளோ வேணாலும் தாங்கும். மூலை தாங்காது."

"அப்ப இத யார் இறக்குனா?"

அப்போதுதான் சுருக்கென்றது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் பார்த்தேன். கண்ணாடிச் சந்துக்குள் சுவர் ஏது? ஏழிலும் என் முகம்தான் நின்றது.

அன்று வீட்டில் சொன்னேன். பெண்டாட்டி கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள்.

"எடை சொல்லப் போனியே, உன் எடையச் சொல்லிட்டு வந்திருக்க. இங்க பாரு. ஐம்பது வருஷம் படிக்கத் தெரியாம இருந்தல்ல? அதே மாதிரி இன்னும் இருபத்திரண்டு மாசம் பேசத் தெரியாம இரு."

அடுத்த சனிக்கிழமை ஊமையாகத்தான் இருந்தேன். துருவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். டீச்சரம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, "இதப் பாத்தியா, நினைச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பாத்தேன்." "இது?" "நினைச்சேன்." "நினைச்சதும் வரலாம். ஆனா நினைச்சதுன்னு தெரியணும்."

ஐந்தாவது வாரம், புதன்கிழமை, மேனேஜர் கூப்பிட்டு விட்டார். மேசைமேல் பிள்ளைகளின் கட்டுரை வரைவுகள், அச்சுக்கு எத்தனை பக்கம் வரும் என்று பார்க்க வாங்கியவை. ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார்.

"படி. இப்பதான் படிக்கத் தெரியுமாமே."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் பொறுமையாக இல்லை, ஆனால் காத்திருந்தார்.

'நாலாவது கண்ணாடியின் விரிசல் மேலிருந்து இறங்குவதுபோல் தெரிகிறது. உண்மையில் அது கீழ் மூலையில் தொடங்குகிறது. அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. மற்ற ஆறு கண்ணாடிகளுக்கும் அடியில் மரப்பட்டி இருக்கிறது, இதற்கு இல்லை. யாரோ ஒருவர் இதை அவசரத்தில் வெறுந்தரையில் இறக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இங்கே வருகிறவர்கள் அதிகம் பாராட்டுவது இந்த விரிசலைத்தான். அதைச் செய்தவரின் பெயர் சுவரில் இல்லை.'

என்னைப் பற்றி எழுதப்பட்ட இரண்டாவது தாள் அது. இதில் மேற்படியான் எங்கும் வரவில்லை. இன்னொரு தடவை படிக்க வேண்டும் போலிருந்தது.

"நீதான் சொன்னியா?"

"இல்ல சார். அதுவா பாத்துக் கண்டுபிடிச்சுது."

"கண்ணாடியப் பாத்தா உன் மூஞ்சி தெரியுதாக்கும்?" நாற்காலியில் சாய்ந்தார். "இந்தா, கேட்டுக்கோ. ஒரு பெரிய கம்பெனி இந்த ஏழையும் வாங்கப் போகுது. விரிசல்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. அது கலைஞர் கை வேலைன்னு நெனச்சு வாங்கறாங்க. சுமை தூக்கற ஆள் போட்டு உடைச்சதுன்னு அச்சுல வந்தா, எவன் வாங்குவான்?"

தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரிகள்மேல் விரலை வைத்தார்.

"அந்தப் பொண்ணு கடைசி மூணு வரிய எடுக்கணும். நானே எடுத்துடுவேன். ஆனா எழுதினவங்க சம்மதம் இல்லாம ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு அந்த அம்மா முதல் நாளே எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. நீ சொல்லு. தூக்குற ஆள் நீ. அப்படி ஒண்ணும் நடக்கலேன்னு நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்."

"சொன்னா சார்?"

"பாக்கி ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறையும் தள்ளிடறேன். சேதமே இல்லேன்னா கடன் ஏது?"

"இதுவரை கட்டின முப்பத்து மூவாயிரத்து அறுநூறு?"

"அதுக்கும் ஆசையா உனக்கு?"

"சொல்லலேன்னா?"

அவர் பழைய தாளை எடுத்து, இரண்டாம் பத்திமேல் பேனா முனையால் இரண்டு தட்டு தட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படித்துக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கும் இல்லை.

பெண்டாட்டியிடம் சொன்னேன். அந்தப் பெண் எழுதியிருந்ததை, நினைவில் இருந்தவரை, வரி வரியாகச் சொன்னேன். கடைசி வரி வந்ததும் அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள். "ஆனா எனக்கு அந்தப் பொண்ணத் தெரியாது. இந்த அறையத் தெரியும்."

சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே சந்துக்குள் போய் நின்றுகொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கஷ்டத்தையும் டீச்சரம்மாவே தீர்த்துவைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இவ நிக்கறா" என்றார். "பாத்தது அவளோடது. எப்படி நடந்ததுங்கறது அவளோடது இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட கேக்காம அச்சுக்குக் குடுக்காதேன்னு நான்தான் சொன்னேன். கேளும்மா." சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய்விட்டார்.

துருவி நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். இதற்கு முன் யாரிடமும் இப்படிக் கேட்டு எழுதியிருக்க மாட்டாள்.

"மாமா, இந்தக் கண்ணாடிய இறக்கும்போது நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"விரிசல் அப்பதான் வந்துச்சா?"

எனக்கு முன்னால் நாலாவது கண்ணாடி. பின்னால் மூன்றாவது. பக்கத்தில் ஐந்தாவது. அவற்றுக்கு அந்தப் பக்கம் வாசல் நன்றாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் குடையை உதறிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"இல்ல. பெட்டியப் பிரிக்கும்போதே சில்லு இருந்துச்சு. விரிசலும் இருந்துச்சு. கண்ணாடிக்காரர் அப்படித்தான் பண்ணி அனுப்பியிருந்தாரு."

"கட்டை?"

"இதுக்கு மட்டும் வேணாம்னு அவரே சொல்லிட்டாரு."

அவள் எழுதவில்லை. "பட்டி இல்லாம இறக்கினா மூலை தெறிக்கும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"அது பொதுவா சொன்னது."

சொன்னதும் அந்தப் 'பொதுவா'வை டீச்சரம்மா எந்தப் பட்டியலில் வைப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துருவி மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். அந்த மூலைக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்து, நான் நினைத்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்தபோது கன்னத்தில் தரையின் தூசி.

"அப்ப நான் பாத்தது தப்பா?"

"பாத்தது சரிம்மா. நினைச்சதுதான் தப்பு."

இந்தப் பதிலை நான் மனப்பாடம் செய்து வரவில்லை. அந்த வகுப்பில் நின்றே கற்றுக்கொண்டது. அவர்களுடைய வார்த்தையை வைத்தே அவளை அடித்தேன்.

அவள் மூன்று வரியையும் அடித்தாள். மூன்றாவதை அடிக்கும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. "அக்கா, எனக்கு இது வராதுன்னு நினைக்கறேன். கட்டைய வச்சு என்னென்னமோ கற்பனை பண்ணிட்டேன்" என்றாள். குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது. ஹீரோகூடத் தலை சீவுவதை நிறுத்திவிட்டான்.

டீச்சரம்மா வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். "சில்லு இருக்குல்ல? அது இருக்கட்டும். கட்டை இல்லங்கறதும் இருக்கட்டும். அது நீ பாத்தது. அத யார் சொன்னாலும் எடுக்காத." நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பெட்டி பிரித்ததும் உள்ளே இருப்பதை நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். துருவி எனக்கு வழக்கமாகச் சொல்கிற "வரேன் மாமா"வை மறக்காமல் சொன்னாள். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

திங்கட்கிழமை மேனேஜர் புதுத் தாள் ஒன்றை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். "படிச்சுட்டுப் போடறேன் சார்" என்றேன். இருபது நிமிடம் ஆயிற்று. அவர் டீ ஆடை படிந்து ஆறிப்போயிற்று. நாலாவது கண்ணாடியின் விரிசல் கலைஞர் திட்டமிட்டுச் செய்ததே என்றும், அதை நிறுத்தியபோது யாதொரு சேதமும் ஏற்படவில்லை என்றும், ஏற்பட்டதாக இனி யார் சொன்னாலும் அது பொய் என்றும் இருந்தது. தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

"போதுமா? இனிமே முழுச் சம்பளம். சந்தோஷம்தானே?"

"சார், அந்தப் பொண்ணு அடுத்த வகுப்புக்குப் பேர் குடுத்திருக்கா?"

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அவர் கணக்கு நோட்டைப் புரட்டினார். என் பெயர் இருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறுக்குப் பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

நான் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.